பனிக்குள் போட்ட சாலை

மாசிலாமணியின் மனைவி தனபாக்கியம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, கூடத்தில் மாட்டியிருந்த சீனத்து மலைப்படத்துக்குள் போனாள். துணிகளை உலர்த்திவிட்டுத்தான் போனாள். அடுப்பை அணைத்திருந்தாள். ரசம் மட்டும் தாளிக்காமல் இருந்தது.

மலேசியாவின் ஈப்போ நகரத்தில் இது ஒன்றும் புதிதல்ல. ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். மழைக்காலத்தில் எது மலை, எது படம் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அன்னபூரணி செய்தியைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல பூப்படம்தாண்ணே. அதுக்குள்ள யாரும் போக முடியாது. சும்மா நிக்கத்தான் முடியும்" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

படம் மாசிலாமணி பணி ஓய்வு பெற்றபோது நில அளவை அலுவலகத்தில் கொடுத்தது. கறுப்பு மையால் மட்டும் வரைந்தது. மேலே ஒரு சிகரம். கீழே ஒரு மரப்பாலம், இரண்டு பைன் மரங்கள், ஒரு குடில். நடுவில் ஒன்றுமில்லை. வெள்ளையாக விட்டிருந்தார்கள். சிகரத்துக்கு அடிவாரம் இல்லை. பாலத்துக்கு மறுகரை இல்லை. அந்த வெள்ளைதான் பனி என்று கொடுத்தவர்கள் சொன்னார்கள்.

மாசிலாமணிக்கு அந்தப் பனியைக் கண்டால் ஆகாது. முப்பத்தோரு வருடம் நில வரைபடம் வரைந்த மனிதர். அந்த வேலையில் ஒரு விரல்கடை இடத்தை வெள்ளையாக விட்டால் மேலதிகாரி கூப்பிட்டு, "இங்கே என்ன இருக்கு, ஆகாயமா?" என்று கேட்பார். சதுப்பு நிலமானால் சதுப்புக் குறி. புதரானால் புதர்க் குறி. ஒன்றுமே இல்லாத இடம் என்று பூமியில் கிடையாது என்பது அவருடைய கட்சி. பத்து வருடமாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த வெள்ளையைப் பார்த்து முனகுவார். தனபாக்கியம் அதே வெள்ளையைப் பார்த்துக்கொண்டு காய் நறுக்குவாள். அவள் முனகியதில்லை.

மனிதர் கெட்டவர் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவளுக்கு முட்டி வலி என்று தெரிந்து குளியலறையில் கைப்பிடி போட்டுக் கொடுத்தவர். நிமிர்ந்து பார்ப்பது மட்டும் அவருக்குக் கைவராது.

அன்றைக்கு அவர் ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு கார் கொட்டகை வரைந்துகொண்டிருந்தார். பின்னால் தனபாக்கியம் வந்து நின்றாள்.

"நான் போகட்டுமா?" என்று கேட்டாள்.

"ம்" என்றார்.

சிலிப்பர் சத்தம் சுவரை நோக்கிப் போயிற்று. சுவரில் நிற்கவில்லை. அப்படியே உள்ளே போய், மெலிந்து, அடங்கிவிட்டது. அதற்கு அப்புறம்தான் அவர் நிமிர்ந்தார். பாலத்தின் மேல் பலகை ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் மலைப்பட அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். ஆள் போன படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். படத்தைச் சுருட்டி, ஒரு ரசீது கொடுத்து, ஏணியை மறந்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அவர் மலைப்பட அலுவலகத்துக்குப் போனார். பழைய நகரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் அது இருக்கிறது. படிக்கட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் மேகத்தைக் கடக்க வேண்டும். தீயணைப்புத் துறை ஆட்சேபித்தும் அலுவலகத்தார் அதை எடுக்கவில்லை.

அங்கே வரிசை எண் கிடையாது. வாசலில் ஒரு கருங்கல் தட்டும் ஒரு மைக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கொடுப்பார்கள். உட்கார்ந்து மை அரைக்க வேண்டும். யாருடைய மை சரியான கறுப்புக்கு வருகிறதோ அவரைக் கூப்பிடுவார்கள். அவசரப்பட்டு அரைத்தால் மணல் மணலாக வரும்.

மாசிலாமணிக்குப் பக்கத்தில் வேலாயுதம் என்று ஒரு டிரைவர் அரைத்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். அதன் கையெல்லாம் கறுப்பு.

"உங்களுக்கு யாரு?" என்று மாசிலாமணி கேட்டார்.

"பஸ்ஸு. நாப்பத்திநாலு பேரோட உள்ள போயிருச்சு."

"நீங்க ஓட்டிக்கிட்டுப் போகலையா?"

"நான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"எத்தனை நாளா அரைக்கிறீங்க?"

"எட்டு வருசம். இன்னும் தண்ணியாத்தான் வருது."

மாசிலாமணியின் மை மூன்றாம் நாள் மத்தியானம் பதத்துக்கு வந்தது. முப்பத்தோரு வருடம் மையோடு பழகிய கை. வேலாயுதம் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தன் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

உள்ளே மூன்று ஜன்னல்கள் இருந்தன. ஒன்றின் மேல் உயரத் தூரம் என்றும், அடுத்ததன் மேல் ஆழத் தூரம் என்றும், கடைசியில் சமதூரம் என்றும் எழுதியிருந்தது. மூன்றிலும் ஒரே அம்மாள்தான். பெயர் லியோங். ஒரு ஜன்னல் முடிந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போவாள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவள். அவளுடைய தமிழில் குறை சொல்ல இடமில்லை. முகத்தில்தான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எவ்ளோ தூரத்துல இருக்காங்க?" என்று முதல் ஜன்னலில் கேட்டாள்.

"அளக்கலை."

"எந்தத் தூரம்னு கேக்குறேன்ண்ணே. கீழேருந்து மேல பாக்குற தூரமா? முன்னாலேருந்து பின்னால பாக்குற தூரமா? இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை பாக்குற தூரமா?"

"தூரம்னா ஒண்ணுதாம்மா. சங்கிலி பிடிச்சு அளப்போம்."

"அது நிலத்துல லா."

அவள் ஒரு படிவத்தை நகர்த்தினாள். பாதி ஏற்கனவே நிரப்பியிருந்தது. பெயர் சரி. நேரம் சரி. 'கணவர் சம்மதம்' என்ற இடத்தில் 'ம்' என்று இருந்தது.

"நான் சம்மதிக்கலையே" என்றார் மாசிலாமணி.

"'ம்'னு சொன்னீங்களா, இல்லையா?"

"அது வாய்ல வந்துச்சு."

"எல்லாருக்கும் அங்கேருந்துதான் வருது."

அவள் எழுந்து படச்சுருளை எடுத்து வந்தாள். வீட்டில் செங்குத்தாகத் தொங்கிய படம் இங்கே கிடையாக இருந்தது. அலுவலகத்துக்கு வந்தால் அப்படித்தான் படுத்துவிடும் என்றாள். கை அகலத்துக்கு மட்டும் பிரித்துக் காட்டினாள். சிகரத்துக்கு மேலே ஆகாயத்தில் பழைய உடைமையாளர்களின் சிவப்பு முத்திரைகள் இருந்தன. படம் யார் யார் கையில் இருந்ததோ அவரவர் முத்திரையைக் குத்திவிட்டுப் போவது சீனத்து வழக்கம். எல்லாம் சீன எழுத்து. கடைசியில் ஒன்று மட்டும் தமிழில் இருந்தது. சதுரத்துக்குள் 'ம்'. சிவப்பு இன்னும் காயவில்லை.

"நல்ல இடமாப் பாத்துத்தான் குத்தியிருக்கோம்" என்றாள் லியோங் அம்மாள்.

கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் மாசிலாமணி ஆயிரக்கணக்கில் 'ம்' சொல்லியிருப்பார். காப்பிக்குச் சொன்னது, கல்யாணத்துக்குச் சொன்னது, அவளுடைய அம்மா செத்துப்போன செய்திக்குச் சொன்னது. ஒன்றையாவது நிமிர்ந்து பார்த்துச் சொன்னோமா என்று யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

படிவத்தில் அடுத்த கேள்வி, 'யாரைப் பார்த்து?' என்று இருந்தது.

"இது என்னம்மா?"

"படத்துல எழுதுவாங்க இல்ல, இன்னாரு பாணியைப் பாத்து வரைஞ்சதுன்னு. அந்தக் காலத்து ஆளுங்க யாரும் சொந்தமா வரைஞ்சேன்னு சொல்லிக்க மாட்டாங்க. நீங்க குடும்பம் நடத்துனது யாரைப் பாத்து?"

மாசிலாமணி யோசித்தார். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அப்பா முன்னால் நடப்பார். நாலடி பின்னால் அம்மா வருவாள். 'என் தந்தையைப் பார்த்து' என்று எழுதினார்.

"அவரு யாரைப் பாத்து?"

"அவங்க அப்பாவைப் பார்த்து."

"எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க" என்று அவள் ஒரு கோடு போட்டாள். "இப்ப ஆளை அடையாளம் சொல்லுங்க. முகம் வேணாம். உள்ள போனா யாருக்கும் முகம் இருக்காது. இத்தனூண்டு ஆளு. மூணு கோட்டுல சொல்லணும்."

அடையாள அட்டை எண்ணைச் சொன்னார். அது கோடு இல்லை என்றாள். மோவாயில் மச்சம் என்றார். அது புள்ளி என்றாள். கடைசியில் கொண்டை ஒரு கோடு என்று சொன்னார். எப்போதும் பையைத் தூக்கித் தூக்கி இடது தோள் இறங்கியிருக்கும், அது ஒரு கோடு. இரண்டையும் அவள் போட்டுக்கொண்டாள். தாளில் தனபாக்கியத்தின் மேல்பாதி வந்து நின்றது. மாசிலாமணிக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"மூணாவது?"

"அவ்ளோதாம்மா தெரியும்."

"எப்படி நடப்பாங்க? படத்துல இருக்குற ஆளுங்க எல்லாம் போய்க்கிட்டேதான் இருப்பாங்க. நடைதான் மூணாவது கோடு."

"மெதுவா."

"மெதுவான்னா? காலைத் தூக்கியா, இழுத்தா? கையை வீசியா, கட்டிக்கிட்டா?"

முப்பத்தாறு வருடமும் அவள் அவருக்குப் பின்னால்தான் நடந்தாள். கடைத்தெருவில், கோவிலில், ஆஸ்பத்திரி நடையில், விமான நிலையத்தில். அவள் நடந்து அவர் பார்த்ததில்லை.

"அவ எனக்குப் பின்னால வருவா" என்றார்.

"பின்னால எப்படி வருவாங்க?"

"சத்தம் கேக்கும்."

"சத்தத்துக்கு இங்க ஜன்னல் இல்லைண்ணே."

படிவத்தில் 'நடை: மெதுவாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே தாழ்வாரத்துக்கு வந்து மகள் கலைமதிக்குப் போன் செய்தார்.

"அம்மா எப்படி நடப்பாம்மா?"

"என்னப்பா கேள்வி இது?"

"ஆபீஸ்ல கேக்குறாங்க."

கலைமதி, "நான் அம்மா கையைப் புடிச்சுக்கிட்டே நடந்தவப்பா. பக்கத்துல நடக்குறவளுக்கு எப்படித் தெரியும்? பின்னாலேருந்து பாத்தவங்களைக் கேளுங்க" என்றாள். அப்பாவும் மகளுமாக, பின்னாலிருந்து பார்த்தவர் யார் என்று தேடினார்கள். அப்படி ஒருவரும் இல்லை. போனை வைக்கும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் தெரியாமல்.

இரண்டாவது ஜன்னலில் லியோங் அம்மாளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. முதல் ஜன்னல்காரி சொன்னால்தான் தெரியும் என்றாள். பிறகு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சரி. தேடியாச்சு. பனியில இருக்காங்க."

"நல்லா இருக்காளா?"

"பனியில இருக்காங்க."

"சாப்பிட்டாளா?"

"அண்ணே, பனியில இருக்காங்க."

"கூப்பிட்டா வருவாளா?"

"வந்தாலும் வரலாம். போனவங்க இஷ்டம். மையைப் பதமா அரைச்சவங்களுக்கு மூணாவது ஜன்னல்ல ஒரு தூரிகை மை உரிமை. படத்துல எங்க வேணும்னாலும் போடலாம். போட்டா அழிக்க முடியாது, அந்தக் காகிதம் உடனே குடிச்சிரும். யோசிச்சுப் போடுங்க. சில பேரு ஒண்ணுமே போடாம வீட்டுக்குப் போயிருவாங்க."

மாசிலாமணி யோசித்தார். யோசிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. அவள் ஏன் வரவில்லை என்பது அவருக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. எப்படி வருவாள்? உள்ளே பாதையே இல்லையே. பாலம் பாதியில் நிற்கிறது. மலைக்குக் கீழே ஒன்றும் இல்லை. முட்டி வலிக்காரி, வெள்ளைக்குள் எங்கே காலை வைப்பாள்?

மூன்றாவது ஜன்னலில் தூரிகையை வாங்கிக்கொண்டு குனிந்தார்.

முதலில் பாலத்துக்கு மறுகரை போட்டார். பத்து வருடமாக அவர் மனசை அரித்த இடம். கரையிலிருந்து ஒரு சாலை போட்டார். அகலச் சாலை, மழைத் தண்ணீர் வழிய இரண்டு பக்கமும் சாக்கடை, ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு மதகு. சாலை நெடுக அவள் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி. ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்சு, அவள் உட்கார. மழை வந்தால் ஒதுங்க ஒரு பஸ் நிறுத்தம். விளக்குக் கம்பங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் 'வீடு' என்று எழுதி ஓர் அம்புக்குறி. சிகரம் பாவம் அந்தரத்தில் தொங்கியது. அதற்கு அடிவாரம் கட்டி, எல்லைக்கல் நட்டு, புதர்க் குறி போட்டார். தூரிகையில் மை தீரவே இல்லை. அதற்கு என்ன காரணமோ.

அவ்வளவு ஆசையாக அவர் எதையும் வரைந்ததில்லை. ஒவ்வொரு பெஞ்சுக்கும் சாய்மானம் வைத்தார். அவளுக்கு இடுப்பும் பிடித்துக்கொள்ளும். மதகு போடும்போது மெல்லப் பாட்டுக்கூட வந்தது அவருக்கு. வேலாயுதம் மைக்கல்லோடு எட்டிப் பார்த்து, "பஸ் ஸ்டாப்பு ரொம்ப நல்லாருக்கு சார்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் நிமிர்ந்தார். வெள்ளை என்று சொல்ல ஓர் எள்ளளவு இடமில்லை. மேலதிகாரி பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

"இப்ப வருவா" என்றார்.

லியோங் அம்மாள் படத்தைக் கை அகலத்துக்குப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை. பிறகு முடிவிலிருந்து ஆரம்பம்வரை.

"அண்ணே, அவங்க எங்க?"

"பனியிலதான்."

"பனி எங்க?"

மாசிலாமணி படத்தைப் பார்த்தார். சாலை இருந்தது. பெஞ்சுகள் இருந்தன. கைப்பிடிக் கம்பி வளைந்து வளைந்து போய் அடிவாரத்தில் முடிந்தது. பனி எங்கேயும் இல்லை. அவள் இருந்த இடத்தில் அவளுக்காகவே சாலையைப் போட்டுவிட்டார்.

அவர் சத்தம் போட்டு அழவில்லை. கைக்குட்டையை நனைத்து ஒரு பெஞ்சைத் துடைத்துப் பார்த்தார். பெஞ்சு போகவில்லை. கைக்குட்டைதான் கறுத்தது. "தப்புப் பண்ணிட்டேன்மா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். லியோங் அம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. துடைத்து ஓயட்டும் என்று காத்திருந்தாள். அவளுக்கும் முகத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஆனால் படிக்கும் நிலையில் அவர் இல்லை.

"காகிதம் ஒட்டித் தரேன்" என்றாள் கடைசியில். "பழைய படத்துக்கு வால்ல காகிதம் ஒட்டுறது உண்டு. பின்னால வர்றவங்க எழுதுறதுக்கு."

புதுத் தாள் ஒன்றைச் சுருளின் முனையில் பசை தடவி ஒட்டினாள். வெறும் வெள்ளை. மாசிலாமணி அதன் மேல் கவிழ்ந்து, "பாக்கியம்" என்று கூப்பிட்டார்.

"அதுல யாரும் இல்லைண்ணே. அது காகிதம். பக்கத்துல மலை இருந்தாத்தான் அது பனி. மலையைப் போடுங்க. பாதியில விட்டுருங்க."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

அவர் ஒரு மலையைப் போட்டார். பாதி வந்ததும் அடிவாரம் தானாக வந்துவிட்டது. கையைத் தடுத்துப் பார்த்தார், கை கேட்கவில்லை. இன்னொரு தாள் ஒட்டினார்கள். அதிலும் மலை தரை தட்டி, எல்லைக்கல் நட்டு உட்கார்ந்துகொண்டது. பாறைக்குக் கோடரி வெட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடு, மண்மேட்டுக்குச் சணல் நார் மாதிரி நீளக் கோடு என்று லியோங் அம்மாள் சொல்லிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் உடனே கற்றுக்கொண்டார். விடுவதைத்தான் கற்க முடியவில்லை.

சுருள் நீளமாயிற்று. மேஜை போதவில்லை. தாழ்வாரத்தில் விரித்தார்கள். தாள் ஒட்ட ஒட்டத் தாழ்வாரமும் நீண்டுகொண்டு போனது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றாமல் இருந்தால் சரி என்றார்கள் அலுவலகத்தார். கலைமதி ஜொகூரிலிருந்து வந்து, தாழ்வாரத்தில் அரைநாள் நடந்து, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்து, அரைநாள் திரும்பி நடந்து போனாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்ததும் ரசம் வாசனை வந்தது. தாளித்த ரசம். அவர் அதை மட்டும் சாப்பிடாமல் வைத்திருந்து கொட்டினார்.

எத்தனையாவது தாள் என்று அவருக்கு மறந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மலையைச் சரிவு சரிவாக இறக்கிக்கொண்டு வந்தார். இடுப்புவரை வந்தாயிற்று. இனி கீழே ஒரு பெஞ்சு போடலாம் என்று தூரிகை போனது. உட்கார அவளுக்குப் பிடிக்குமா?

அவருக்குத் தெரியவில்லை. வலிக்கும் என்று தெரியும். உட்காரப் பிடிக்குமா என்று கேட்டதில்லை. நிற்கப் பிடிக்குமோ என்னவோ. குடில் பிடிக்குமா, மரம் பிடிக்குமா, தண்ணீர்ப் பக்கம் பிடிக்குமா? பத்து வருடம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே காய் நறுக்கினாளே, அதில் என்ன பார்த்தாள்? ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கை நின்றுவிட்டது. அதைத் திறமை என்று யாரும் சொல்ல முடியாது.

லியோங் அம்மாள் வந்து பார்த்தாள். "இது பனி" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் சாப்பிடப் போனாள்.

மாசிலாமணி தூரிகையைக் கழுவி வைத்தார். எழுந்து பனியின் ஓரத்தில் நின்றார். குளிர்ந்தது.

அப்போது பின்னால் சிலிப்பர் சத்தம் கேட்டது.

பனிக்குள்ளிருந்து அல்ல. தாழ்வாரத்தில், அவருக்குப் பின்னாலிருந்து. வலது கால் தரையைக் கொஞ்சம் தேய்க்கும். இடது கால் தேய்க்காது. சத்தம் நாலடி தள்ளி வந்து நின்றது.

"பாக்கியம்."

"என்னங்க."

"வந்துட்டியா?"

"நீங்க நின்னீங்க. அதான் நின்னுட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே போனவர்களுக்கு முகம் இருக்காது என்று ஜன்னலில் சொன்னார்களே, அந்தப் பயம்தான்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"நீங்க போனா வர்றேன்."

அவ்வளவுதான் வேலை. அவர் நடந்தால் அவள் வருவாள். பனியோ வீடோ, எங்கே நடந்தாலும் நாலடி பின்னால் சத்தம் வரும். இத்தனை நாள் மை அரைத்ததும் மலை போட்டதும் அந்தச் சத்தத்துக்காகத்தான். இதைவிட வேறு என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

மாசிலாமணி காலைத் தூக்கினார். தூக்கிய காலைப் பக்கவாட்டில் வைத்தார். சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"நீ முன்னால போ" என்றார்.

"நானா?"

"ம... ஆமா. நீதான்."

"எனக்கு வழி தெரியாதே."

"எனக்கும் தெரியாது பாக்கியம்."

அவள் யோசிப்பது கேட்டது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு சத்தம் அவர் பக்கத்தில் வந்து, அவரைக் கடந்து, அவருக்கு முன்னால் போனது.

பச்சைப் புடவை கட்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை கட்டியது பச்சை என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

முதல் நாலைந்து அடி மெதுவாக வைத்தாள், பழக்க தோஷம். அப்புறம் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள். இடது தோள் மேலே வந்துவிட்டது. அப்புறம் வேகமாக நடந்தாள். கையை வீசி, காலை எட்டிப் போட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். முட்டி வலி இருந்த சுவடே இல்லை.

மாசிலாமணி பின்னால் போனார். நாலடி இடைவெளி பத்தடி ஆயிற்று. எட்டி நடந்தார். இருபதடி ஆயிற்று. ஓடிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "மெதுவாப் போ பாக்கியம்" என்று கூப்பிட்டார். அவளுக்குக் கேட்டிருக்காது. முப்பத்தாறு வருடம் இந்த நடையை அடக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்திருக்கிறாள். அதனால்தான் அந்த முட்டி வலித்திருக்கிறது.

பனி அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள்தான் அதற்குள் போனாள். சிலிப்பர் மறைந்தது, பை மறைந்தது, பச்சை கொஞ்ச நேரம் இருந்து அதுவும் மறைந்தது. வீசிய கை மட்டும் இன்னும் ஒரு தடவை தெரிந்தது.

என்ன அழகாக நடக்கிறாள் என்று மாசிலாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. வழக்கம்போலப் பின்பக்கம் தலையைச் சாய்த்து, "பாத்தியா பாக்கியம், அவ எப்படி நடக்குறான்னு" என்றார். முதல் தடவையாக முழுதாகத் திரும்பிப் பார்த்தார். நாலடி தள்ளி, அவள் எப்போதும் நிற்கும் இடத்தில், யாரும் இல்லை.